திரும்பி வந்த தீட்டுக்கற்கள்

தீட்டுக்கல் வியாபாரத்தில் ஒரு வசதி, சரக்கு பழுதாகாது. ஒரு வசதியீனம், சரக்கைப் பற்றி முறையிட வருகிறவரின் கையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும்.

கடை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட எல்லோருக்கும் இது விளங்கும். புடைவைக் கடைக்காரருக்குச் சாயம் போகும், பலசரக்குக் கடைக்காரருக்கு வண்டு விழும். எனக்குக் கல்லு. மன்னார்க் கடைத்தெருவில் என் மாமனார் வைத்திருந்த தச்சுச் சாமான் கடையை அவர் போனபிறகு நான்தான் பார்த்தேன். என் புருசனுக்கு பஸ் டிப்போவில் வேலை. கடையில் இருக்க வேறு ஆளில்லை. வெளிநாட்டுச் சாமான் வரவை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. அட்டைப்பெட்டியில் வருகிற எண்ணெய்க்கல் நின்றுபோயிற்று. சலூன்காரரும் தச்சரும் வந்து வெறும் தட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்டது பெரிய சாமான் இல்லை. கத்தி தீட்ட ஒரு கல், அதுவும் கையைக் கடிக்காத விலையில். சரி, மண்ணில் கிடக்கிற கல்லைத் தேடி எடுத்து விற்போம் என்று இறங்கினேன்.

இறங்கின பிறகுதான், நான் இருக்கிற தீவில் மணல் உண்டு, பனை உண்டு, கழுதை உண்டு, கல்லு மட்டும் இல்லை என்பது உறைத்தது. எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரவேண்டும். நானாட்டான் ஊர் வண்டிக்காரர் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் அரிப்பு ஊர்ப் பக்கத்து ஆற்றுப்படுக்கையில் நானே போய்ப் பொறுக்குவேன். தண்ணீர் விட்டதும் குடித்துவிடுகிற கல் மெதுவானது, தச்சரின் சீவுளித் தகட்டின் முதல் தீட்டுக்கு ஆகும். தண்ணீரை மேலேயே வைத்திருக்கிற கல் நெருக்கமானது. நகத்தால் வழிக்கும்போது மணிபோல ஏதாவது தட்டினால் அது சவரக்கத்திக்கு ஆகாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுப் படித்தது.

இடது கை

சவரக்கத்திக்கு ஒரு கல் சரியா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. கத்தியை அதில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, முன்கை ரோமத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சலூன்காரர் எல்லோரும் செய்கிற காரியம். ஒரு குடும்பப் பெண் செய்து யாரும் பார்த்ததில்லை. ஆகையால் நான் கடையின் பின்பக்கம் அலுமாரிக்கு மறைவில் நின்று, திருடி மாதிரி, என் இடது கையில் சோதிப்பேன். கொஞ்ச நாளில் அந்தக் கை மெழுகுதிரி மாதிரி ஆகிவிட்டது.

கோயில் திருநாளன்று மெழுகுதிரியைக் கைமாற்றும்போது பக்கத்து வீட்டு ரோசமுத்தக்கா என் கையைக் கண்டுவிட்டா. பிறகு என் வலது கையையும் இழுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தா. பாட்டு முடியும்வரை பொறுத்து, என்னைக் கோயில் மதிலோரம் கூட்டிப்போய், "எப்ப பிள்ளை இந்த நோய் தொடங்கினது?" என்று கேட்டா. கடைக்குள் நின்று சவரம் செய்துகொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "இப்ப கொஞ்ச நாளாய் அக்கா" என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, மந்திரித்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றை என் கையில் திணித்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னா: "பயப்பிடாதை பிள்ளை, வலக்கை தப்பியிருக்கு, மாதாவுக்கு ஒரு செபமாலை சொல்லு!"

சிலேட்டு

கடைத்தெருச் சலூன்காரர் இராசையா அண்ணர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட முதல் கல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு. ஆற்றுக்கல் பத்தைத் தீட்டிப் பார்த்துச் சலித்துப்போய், என் மகளின் உடைந்த சிலேட்டில் விளையாட்டாகக் கத்தியை வைத்தேன். மெல்லிய கறுப்புப் பால் விட்டது. கத்தி வெண்ணெய் மாதிரி நழுவியது. என் கைக்குத் தெரிந்துவிட்டது. மலிவு, மேடுபள்ளமில்லை, மணி தட்டாது. இதைவிட வேறு என்ன வேண்டும்? மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, மூன்றாக அறுத்து, விளிம்பைச் சீமெந்துத் தரையில் தேய்த்து விற்றேன். தீவிலுள்ள சலூன்களெல்லாம் கேட்டு வந்தன. புத்தகக் கடையில் கட்டுக்கட்டாக வாங்கினேன். கடைக்காரர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று இரண்டு தரம் கேட்டார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிற சிஸ்டர் ஒருநாள் குடையோடு கடைக்கு வந்து, கதிரை போட்டும் இருக்காமல், தட்டில் அடுக்கியிருந்த கறுப்புத் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றா. ஒன்றை எடுத்துத் திருப்பினா. அதில் கோடு போட்ட பக்கம் தெரிந்தது. மிச்சமிருந்த முழுச் சிலேட்டுகளைக் கட்டி அவவிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது சிஸ்டர் சிரிக்காமல் சொன்னது: "எங்கடை பிள்ளையள் மண்ணிலை எழுதுதுகள், ஊர் ஆம்பிளையளுக்கு முகம் நல்லாப் பளபளக்குது."

கழுதை

கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் போக்குவதற்குக் கடல்தண்ணீரில் ஊறவைத்து, கடைவாசலில் சாக்கு விரித்துக் காயப்போடுவேன். காய்ந்ததும் கல்லில் உப்புப் பூக்கும். அதை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊர்க் கழுதைகள் கவனித்திருந்தன. தச்சர் ஒருவரோடு உள்ளே நின்று, ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காட்டி, "இது கோயில் மணி மாதிரிச் சத்தம் கேளுங்கோ, நல்ல சாதிக் கல்லு" என்று நான் அளந்துகொண்டிருந்த நேரம், வெளியே மூன்று கழுதைகள் வரிசையாக நின்று என் சரக்கை ஆற அமர நக்கிக்கொண்டிருந்தன.

தும்புத்தடியோடு ஓடினேன். கழுதைகள் விலகவில்லை, தெரு முழுக்க நின்று பார்த்தது. தச்சர் மட்டும் குனிந்து, எச்சில் மினுங்கிய கற்களை ஒரு பக்கமும் மினுங்காதவற்றை மறு பக்கமுமாகப் பிரித்துவைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "அக்கா, கழுதை நக்கினதோ, நக்காததோ, எது விலை குறைவு?"

மாப்பிள்ளை

ஓலைத்தொடுவாயில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குச் சொந்தம். மாப்பிள்ளைக்குச் சவரம் எடுக்க இராசையா அண்ணரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். சிலேட்டு விற்பதை நான் நிறுத்தியிருந்தேன். அதற்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி இருந்த ஒரு கறுப்புக் கல் துண்டை அவருக்குக் கொடுத்திருந்தேன். என் கையில் சோதித்துத்தான் கொடுத்தேன். ஆனால் நான் சோதித்தது ஒரு ஓரத்தை; அவர் தீட்டியது மறு ஓரத்தில். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மணி கிடந்திருக்கிறது. கத்தி வாயைப் பல்லுப்பல்லாக்கிவிட்டது. இராசையா அண்ணரும் அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை.

கோயில் வாசலில் மாப்பிள்ளை காரால் இறங்கியபோது, தாடையில் இரண்டு இடத்தில் இரத்தம் நிற்கச் சிகரெட் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் இடம் வைத்திருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றார். இராசையா அண்ணர். பூசை முடிந்து படம் எடுக்கிற நேரம், படக்காரர் மாப்பிள்ளையை வலப்பக்கம் திருப்பினார், இடப்பக்கம் திருப்பினார், கமெராவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்: "தம்பி, நீங்கள்தான் பொம்பிளை எண்டு நினைச்சு வெக்கப்பட்டுக் குனிஞ்சு நில்லுங்கோ, இண்டைக்கு அதுதான் வடிவு."

சீலை சுற்றின கல்

அந்தக் காலத்தில் வீதியில் பஸ்ஸை மறித்து, யாரும் அரிசி கடத்துகிறார்களா என்று பொலிஸ்காரர் பையைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் ஆற்றுப்படுக்கையில் பொறுக்கிய கற்களோடு வந்துகொண்டிருந்தேன். விளிம்பு உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் பழைய சீலைத் துணியில் சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தேன். பையைத் தூக்கிப் பார்த்த சார்ஜன்ட் பாரத்தில் கொஞ்சம் தள்ளாடினார். உடனே பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி, எல்லோரையும் இறக்கினார். அரிசி இல்லை. கல்லு. அதுவும் பிறந்த பிள்ளையைப் போலச் சுற்றிக் கட்டின கல்லு. மாணிக்கக்கல் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

வீதியோரத்தில், அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். சார்ஜன்ட் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றைத் துப்பித் துடைத்துப் பார்த்தார். நான், "இது கத்தி தீட்டிறது ஐயா, கத்தி தீட்டிறது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கையால் சவரம் செய்கிற மாதிரிக் காட்டினேன். கோழிக் கூடையோடு நின்ற ஒரு மனுசி, "ஐயோ, இந்தக் கல்லுக்காரியாலை என்ரை கோழியெல்லாம் வெயிலிலை சாகப்போகுது" என்று புலம்பத் தொடங்கினா. கடைசிக் கல்லும் வெறும் கல்லாகவே இருந்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை, ஏமாற்றந்தான் இருந்தது. சிங்களவரான அவர் தெரிந்த தமிழில் சொன்னார்: "நோனா, மாணிக்கம் கொண்டுபோனா நான் கேஸ் எழுதலாம், சும்மா கல்லுக்குச் சட்டை போட்டுக் கொண்டுபோற ஆளுக்கு நான் என்ன எழுதிறது?"

எழுத்து

ஒரு வண்டிக்காரர் பழைய மதில் இடித்த கல் என்று கருநீலப் பலகைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கல்லைக் கண்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அப்படி ஒரு மட்டம், அப்படி ஒரு நெருக்கம். கொத்தனாரைக் கொண்டு துண்டுபோட்டு, சீவுளித் தகடு தீட்டத் தச்சர்களுக்கு விற்றேன். மெச்சாதவர் இல்லை. யோசேப்பு மேசன் என்று ஒரு தச்சர். பெயரில் மேசன் இருந்தாலும் வேலை மரவேலைதான், பிரேதப் பெட்டியும் செய்வார். ஒருநாள் தன் துண்டைக் கொண்டுவந்து மேசையில் குப்புற வைத்தார். எண்ணெய் ஊறி ஊறி, அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு மூடியிருந்த எழுத்து வெளியே வந்திருந்தது. எங்கள் எழுத்தும் இல்லை, இங்கிலீசும் இல்லை.

மற்றத் தச்சர்களிடமும் கேட்டனுப்பித் துண்டுகளை வாங்கி மேசையில் பொருத்திப் பார்த்தோம். எழுத்துக்கு மேலே ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும் சேர்ந்தன. எவரோ ஒருவருக்கு, கடல் கடந்து வந்து இந்த மண்ணில் செத்தவருக்கு, அவருடைய ஆட்கள் அழுது வைத்த கல். அதைத்தான் நான் துண்டுபோட்டு விலை சொல்லியிருக்கிறேன். பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் துண்டுகளைச் சேமக்காலையில் கல்லறைகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் வைக்கச் சொன்னார். யோசேப்பு மேசன்தான் சுமந்துவந்து, மண்ணைத் தட்டி, ஒழுங்காக அடுக்கிவைத்து, சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "அழாதையுங்கோ அக்கா, மனிசன் பொறுப்பார்; ஆனால் கல்லு நல்ல கல்லு, அவருக்குப் பக்கத்திலை வேறை ஆரும் படுத்திருக்கினமோ எண்டு ஒருக்கா விசாரியுங்கோ."

அரிப்பு பஸ்

லூர்தம்மா என்று ஒருத்தி அரிப்பிலிருந்து வந்திருந்தா. முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த மெலிந்த பெண். "அப்பாவின்ரை கத்திக்கு ஒரு கல்லுத் தாங்கோ அக்கா, விலை குறைஞ்சதாப் பாத்துத் தாங்கோ" என்றா. கடற்கரை ஊர், அப்பா மீன்பிடிகாரர், கத்தி என்றால் மீன் வெட்டுகிற கத்தி. நான் வேறொன்றும் கேட்கவில்லை. இருப்பதில் மலிவான, நறநறவென்ற ஆற்றுக்கல்லை எடுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். நல்ல மனதோடுதான் கொடுத்தேன்.

அவ போய்ச் சற்று நேரத்தில் இராசையா அண்ணர் நாரிப்பிடிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "லூர்து வந்தவவோ? தேப்பனுக்கு ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. படுக்கைதான். நாளைக்குச் சுவாமி வீட்டை நற்கருணை கொண்டு வந்து நன்மை குடுக்கிறாராம். தாடியோடை வாங்கமாட்டன் எண்டு கிழவன் அடம். என்னை வரச் சொல்லிக் கேட்டவ. இந்த நாரியோடை நான் பஸ் ஏறேலாது. நல்ல கல்லு ஒண்டு வாங்கித் தீட்டி நீயே வழிச்சுவிடு பிள்ளை எண்டு சொல்லிவிட்டனான்."

சவரக்கத்தி! அந்த ஆற்றுக்கல்லில் ஒரு தரம் இழுத்தால் போதும், சவரக்கத்தி அரிவாள் ஆகிவிடும். என் வீட்டில் மிச்சமிருந்த ஒரே சிலேட்டு என் மகளுடையது. அதைத் தூக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கடையை இராசையா அண்ணர் தலையில் கட்டிவிட்டு, அரிப்பு பஸ் பிடிக்க ஓடினேன். வழி முழுக்க மனதுக்குள் ஒரே செபம்: அவ இன்னும் தொடங்கியிருக்கக் கூடாது, தொடங்கியிருக்கக் கூடாது.

தொடங்கியிருந்தா. முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் அந்தப் பெரியவர் கிடந்தார். கழுத்தில் துவாய். முகத்தில் சவர்க்கார நுரை காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. தாடைக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. லூர்து கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தா. அந்தக் கோடு அவ போட்டது இல்லை, நான் போட்டது. "கல்லு பிழை பிள்ளை, உன்ரை கை இல்லை. நான் கேளாமல் தந்திட்டன்" என்றேன். அவவுக்கு அது கேட்டதோ தெரியாது.

அதன் பிறகு எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. நெஞ்சு பதைக்கவேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முற்றத்திலேயே குந்தியிருந்து, சிலேட்டில் தண்ணீர் விட்டு, கத்திக்கு வாய் திரும்பும்வரை தீட்டினேன். அவருடைய பழைய இடுப்புவாரில் இழுத்தேன். இன்னொரு கீறல் விழவில்லை. மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மினுங்குகிற முகத்தோடு நன்மை வாங்கினார் என்று லூர்து பிறகு வந்து சொன்னா. ஆனால் கத்தி தயாரான அந்த நேரம் இருக்கிறதே, அதைத்தான் இன்னும் சொல்லவில்லை. லூர்து கத்தியைத் தொடவே மறுத்துவிட்டா. "என்னாலை ஏலாது அக்கா, நீங்களே செய்யுங்கோ." நான் என் புருசனுடைய முகத்தையே வழித்ததில்லை. இவர் யாரோ. வேலிக்கு மேலால் அயல் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருகாலத்தில் தோணி ஓட்டின மனுசன். சட்டை போடாமல் தெருவொழுங்கையில் இறங்காதவராம். கோணிப்போன வாயையும் ஒழுகுகிற எச்சிலையும் ஒரு கடைக்காரி குனிந்து பார்க்கிறாளே என்று அவர் வானத்தைப் பார்த்தார். நான் அவருடைய காதைப் பார்த்தேன். கத்தி நடுவில் அப்படியே நின்றது. பிறகு அவர் சரியாயிருந்த பக்கத்து வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "பிள்ளை, ரெண்டு பேரும் வெக்கப்பட்டால் வேலை முடியாது, நீ பாக்க வேணும், அதாலை கண்ணை நான் மூடுறன்."

இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் வெட்கப்பட்டு வெட்கப்பட்டே வெட்கம் தேய்ந்துவிடும் என்று பார்த்தேன், தேய்ந்ததெல்லாம் கல்லுத்தான்.